ஊரியின் திதி

17 ஏப்ரல் 2018, செவ்வாய் இரவு, ஜெருசலேம்

எட்டு மணிக்குச் சங்கு ஊதியது, ஒரே நிமிடம். அம்மா (நான் வேலைக்கு வந்திருக்கும் வீட்டின் 84 வயது அம்மாவைச் சொல்கிறேன்) சக்கர நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார், விழுந்துவிடப் போகிறாரே என்று நான் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கீழே நடுத்தெருவில் கார்களை அப்படியே நிறுத்திவிட்டு, ஆட்கள் கதவோரம் தலைகுனிந்து நிற்கிறார்கள். செத்துப்போன சிப்பாய்களுக்கான நாள். ஒரு டிவி சேனலில் விடிய விடிய பெயர்கள் மட்டும் ஓடும், 23 ஆயிரத்துக்கும் மேல்.

அப்புறம் டெல் அவிவ் கூட்டத்தை டேப்லெட்டில் வைக்கச் சொன்னார். பிள்ளையையோ கூடப்பிறந்தவரையோ பறிகொடுத்த இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் 2006இலிருந்து ஒரே மேடையில் நடத்தும் கூட்டம். இந்த வருஷம் எழுத்தாளர் டேவிட் கிராஸ்மன் பேசினார். எனக்கு எபிரேயம் பாதிதான் புரியும், அம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாலஸ்தீனர்களுக்கு வீடு இல்லாத வரை இஸ்ரேலியர்களுக்கும் வீடு இல்லை என்கிறார். கிராஸ்மனின் மகன் ஊரி லெபனானில் செத்தவன். நாளை மறுநாள் வாங்கப்போகும் விருதுப் பணத்தில் பாதியை இந்த மாதிரிக் குடும்பங்களின் அமைப்புக்கும் அகதிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புக்கும் கொடுக்கிறாராம்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.

18 ஏப்ரல், புதன்

காலையிலேயே ஹெர்ஸல் மலை, சிப்பாய்களைப் புதைத்திருக்கும் இடம். அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர், 1973 போரில் செத்த ஒரு மாணவனின் கல்லுக்கு வருஷம் தவறாமல் வருகிறார். எல்லாக் கல்லும் தலையணை மாதிரிதான், உயரம் இல்லை, அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவு. மேலே ரோஸ்மேரி அடர்ந்து கிடக்கிறது, கை பட்டாலே வாசனை ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொன்றிலும் கறுப்பு ரிப்பன் கட்டிய சின்னக் கொடி. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்: அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர், விழுந்தபோது வயது இருபது. இறந்தபோது என்று போடுவதில்லை, விழுந்தபோது என்றுதான்.

பக்கத்துக் கல்லில் ஒரு பெரியவர் பாட்டில் தண்ணீரை ஊற்றி, எழுத்துகளின் பள்ளத்தில் தங்கிய மண்ணை விரல் நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிச் சங்குக்கு எழுந்து நின்றார், இரண்டு நிமிடம். ஓய்ந்ததும் குனிந்து விட்ட எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

ஊரியும் இந்த மலையில்தான் இருக்கிறான் என்றார் அம்மா.

19 ஏப்ரல், வியாழன்

இன்று சுதந்திர தினம். நேற்று அழுத ஊர் முழுக்க இன்று கறி சுடும் புகை, எனக்கு இது இன்னும் பழகவில்லை.

அம்மாவிடம் ஊரியைப் பற்றிக் கேட்டேன். டாங்கிப் படையில் ஸ்டாஃப் சார்ஜண்ட். இடதுசாரிப் பேச்சை விட்டுக்கொடுக்காதவன், கூட இருந்தவர்களுக்கும் அது தெரியும். 2006 ஜூலையில் லெபனானின் ஹிஸ்புல்லா படையோடு போர் தொடங்கியது, லெபனானில் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள், வடக்கு இஸ்ரேலில் ராக்கெட்டுகள் விழுந்தன. ஆகஸ்ட் 10 அன்று கிராஸ்மன் இன்னும் இரண்டு எழுத்தாளர்களோடு உட்கார்ந்து, போதும், நிறுத்துங்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். 11ஆம் தேதி சண்டையை நிறுத்தச் சொல்லும் ஐ.நா. தீர்மானம் நிறைவேறிவிட்டது. 12ஆம் தேதி ஏவுகணை பட்டு ஊரி இருந்த டாங்கியின் நால்வரும் செத்தார்கள். 14ஆம் தேதி காலை சண்டை நின்றது. இரண்டே நாள். இருபத்தொன்று முடிய அவனுக்கு இரண்டு வாரம் இருந்தது. முடிவாகிவிட்ட ஒரு விஷயத்துக்காக ஏன் அந்தப் பிள்ளைகளை மேலும் உள்ளே அனுப்பினார்கள் என்று எனக்கு ஆறவே இல்லை.

30 ஜூலை, திங்கள்

இன்று ஊரியின் திதி. இவர்களும் நம்மைப் போலத்தான், ஆங்கிலத் தேதியைவிட அவர்கள் மாதக் கணக்கைத்தான் பார்ப்பார்கள், ஆவ் மாதம் 18.

கிராஸ்மன் 2003இல் ஒரு நாவல் தொடங்கினாராம். மகன் போருக்குப் போயிருக்கிறான், எழவுச் சேதி கதவைத் தட்டும்போது வாங்கிக்கொள்ள ஆள் இருக்கக் கூடாது என்று தாய் வீட்டைப் பூட்டிவிட்டு நடக்கத் தொடங்குகிறாள். எழுதினால் தன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று கிராஸ்மனுக்கு ஒரு நம்பிக்கை. ஊரி படையிலிருந்து போன் போட்டால், இந்த வாரம் அவர்களை என்ன பண்ணினீர்கள் என்று கதையைத்தான் கேட்பானாம். ஊரி செத்த அந்தச் சனி ராத்திரி கழிந்து இரண்டே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கிராஸ்மன் வீட்டு வாசல் மணி அடித்தது, படையின் ஆட்கள். ஏழு நாள் துக்கம் முடிந்ததும் அப்பா அதே நாவலை எழுத உட்கார்ந்தார்.

ராத்திரி என் மகன் நாகர்கோவிலிலிருந்து கூப்பிட்டான், அவனுக்கும் இருபதுதான். இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அம்மா, அந்தக் கதையில வர்ற பையன் திரும்பி வந்துட்டானா?” என்றான். போனைக் கையில் வைத்துக்கொண்டே பாட்டியம்மாவிடம் கேட்டேன். அதை அவர் எழுதவில்லை என்றார்.