மூணாவது குழியில் ரெண்டு வாஷர்

போன டிசம்பர் முழுக்க எங்கள் வண்டியைக் காலையில் கிளப்புவது பெரும்பாடாக இருந்தது. கோத்தகிரி பக்கத்து அரவேணுவில் ஆறு மணிக்கு மூடுபனி தேயிலைச் செடியை விட்டு எழுந்திருக்காது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நீளமாகச் சுற்றும். கிளம்பினதும் வாசல் முழுக்க வெள்ளைப் புகை, கூடவே டக் டக்கென்று ஒரு தட்டல். மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது குஞ்சப்பனை தாண்டி மூன்றாவது கியரில் இழுக்க வேண்டிய ஏற்றத்தில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது.

1.3 லிட்டர் டீசல், பதினோரு வருஷ வண்டி. ஒரு ஒர்க்‌ஷாப்பில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னார்கள். எந்த சிலிண்டரில் கோளாறு என்று கேட்டேன், பதில் வரவில்லை. அதனால்தான் வீட்டிலேயே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அப்பா இருபத்தெட்டு வருஷம் கொழுந்து லாரி ஓட்டினவர். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டார். "மூணாவதுலதான் தட்டுது தம்பி" என்றார். சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்தப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. "அப்பா, கை வைக்காதீங்க!" என்று கத்தி, கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

அவர் பழக்கத்தில் அது தப்பில்லை. பழைய லாரியில் இன்ஜெக்டருக்கு டீசல் கொண்டுபோகும் நாசில் பைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் கெட்டது என்று கண்டுபிடிப்பார்கள். டீசல் சொட்டும், அவ்வளவுதான். எங்கள் வண்டியில் இருக்கும் காமன் ரயில் அப்படியில்லை. 1997-இல் கார்களுக்கு வந்த இந்த முறையில், ரயில் என்கிற ஒரே குழாயில் டீசல் எப்போதும் அழுத்தத்தோடு நிற்கும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போதே 250 பாருக்கு மேல் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட சமவெளியில் காற்றின் அழுத்தம்), ஏற்றத்தில் மிதித்தால் எங்கள் வண்டியில் 1600 பார் வரைக்கும் போகும். நட்டு தளர்ந்தால் ஊசி போலப் பீய்ச்சி, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். உடனே ஆஸ்பத்திரியில் கையைத் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். லாரியில் பழகின மெக்கானிக் அண்ணன்கள் இன்னும் பழைய முறையில் கை வைப்பதைப் பார்க்கும்போது நிஜமாகவே பயமாக இருக்கிறது.

அப்பாவின் காது சொன்னதைச் சரிபார்க்க வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் கொஞ்சம் டீசலை ரிட்டர்ன் பைப்பில் திருப்பி அனுப்பும். உள்ளே தேய்ந்துவிட்டால் அதிகமாகத் திருப்பும், கிளப்பும்போது ரயிலில் அழுத்தம் ஏற நேரமாகும். ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி, பொது லைனின் வாயை அடைத்துவிட்டு, நாலு இன்ஜெக்டருக்கும் மெல்லிசு டியூப் சொருகி நாலு மருந்து பாட்டிலில் விட்டு ஐடிலில் ஓட்டினோம். மற்ற மூன்றிலும் ஒரு விரல் உயரம்கூட ஏறவில்லை, மூன்றாவது பாட்டில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

ராத்திரி முழுக்க இன்ஜினை ஆறவிட்டு மறுநாள் கழற்றினோம். அதற்கு முன் மேல்பகுதியை பிரஷ்ஷால் தேய்த்துக் காற்றடித்தேன். இங்கே பனியில் குளிர்ந்த இரும்பின் மேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோர்த்து நிற்கும். ஒரு சொட்டு தண்ணீரோ மணலோ பைப்புக்குள் போனால் புது இன்ஜெக்டரும் வீண். பத்து மணி வெயில் வந்து எல்லாம் காய்ந்த பிறகுதான் பைப்பில் கை வைத்தேன். இன்ஜெக்டரை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்பி, திறந்த வாய்களை உடனே மூடினேன்.

இன்ஜெக்டர் அசையவே இல்லை. சுற்றிலும் தார் போட்ட மாதிரி கறுப்புக் கரி இறுகிப்போயிருந்தது. துருநீக்கி எண்ணெயை ஊற்றிவிட்டு மதியச் சாப்பாடு முடித்து வந்து, இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 'ப்ளக்'கென்று வந்தது.

டார்ச் அடித்து, இன்ஜெக்டர் உட்கார்ந்திருந்த குழிக்குள் பார்த்தேன். அடியில் செம்பு வாஷர் தெரிந்தது. வளைத்த கம்பியால் தூக்கி எடுத்தேன். குழியின் அடி இன்னும் சீராக இல்லை. திரும்பக் கம்பியை விட்டால், கரியோடு ஒட்டிப்போன இன்னொரு வாஷர்! முன்பு யாரோ இன்ஜெக்டரைக் கழற்றியபோது பழைய வாஷர் உள்ளேயே நின்றிருக்கிறது. பார்க்காமல் அதன் மேலேயே புதுசைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். வாஷரின் கனம் சும்மா வைத்ததில்லை. இன்ஜெக்டரின் அடியில் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் முனை சிலிண்டருக்குள் எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ரெண்டு இருந்தால் முனை மேலே ஏறி, டீசல் பிஸ்டன் பள்ளத்தில் விழ வேண்டிய இடத்தில் விழாது. கரிப்புகையும் வாஷரைச் சுற்றி மேலே கசியும். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தமே கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே இந்த மாதிரி தப்புகள் சமவெளியைவிடச் சீக்கிரம் புகையாகத் தெரியும்.

அந்தக் குழியைச் சுத்தம் செய்யத்தான் அன்று மீதி நேரம் போனது. கரி சிலிண்டருக்குள் விழாமல் அடித்துளையில் கிரீஸ் தடவிய துணியை அடைத்து, மூங்கில் குச்சியில் துணி சுற்றித் தேய்த்துத் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை விடவில்லை. அப்பாதான் பொறுமையாகச் செய்தார். எல்லாத் துணியும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சரிபார்த்தோம்.

கோவையில் ஒரு பம்ப் கடையில் இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் போட்டுக் காட்டினார்கள். நாசில் மூடின பிறகும் முனையில் சொட்டு நின்றது. காலைத் தட்டலும் வெள்ளைப் புகையும் அதனால்தான் என்றார்கள். ரீகண்டிஷன் செய்த ஒன்று ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதே கனத்தில் புது வாஷர், புது பிடிபோல்ட், அந்த ஒரு சிலிண்டருக்குப் புது பைப். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச் இரவல் வாங்கி மேனுவலில் போட்டிருந்த அளவுக்கு இறுக்கினேன். ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பைக் கெட்டியாகும்வரை அமுக்கினார் அப்பா, அது அவருக்குப் பழகின வேலை. இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் கோட் எண்ணைக் குன்னூர் பையன் ஒருவன் ஸ்கேனரோடு வந்து வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான்.

மூன்றாவது சுற்றில் பிடித்தது. கசிவு இருக்கிறதா என்று கையால் தடவாமல், ஓடவிட்டு, நிறுத்தி, அட்டையால் துடைத்துப் பார்த்தோம். அட்டை காய்ந்தே இருந்தது.

திங்கட்கிழமை மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, குளிரிலும் காதை வெளியே வைத்தபடியே வந்தார். குஞ்சப்பனை தாண்டி அதே ஏற்றம், மூன்றாவது கியரிலேயே ஏறினது. வீட்டுக்கு வந்து இறங்கினதும், "மீதி மூணு குழியையும் ஒரு நாள் பார்த்துடணும்டா" என்றார்.