பிடியைத் திருகினால் அமுங்கும் எஞ்சின்: நாவலடியில் செய்து பார்த்தவை

15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், பெற்றோலையும் காற்றையும் கலந்து தர இரண்டுக்கும் பொதுவாக ஒரே காபரேற்றர். வள்ளத்தின் பின்புறம் பூட்டும், வயது இருபதைத் தாண்டிய எஞ்சின். கயிற்றை இழுத்தால் உடனே பிடிக்கிறது. மெதுவோட்டத்தில் நிதானமாக நிற்கிறது. கியரைப் போட்டு, வேகம் கூட்டும் பிடியைச் சட்டென்று திருகும்போதுதான் வினை. ஓசை அமுங்கி, நின்றுவிடப் போவதாகத் தள்ளாடி, அதன் பிறகே சீறிக்கொண்டு எழுகிறது. அதே பிடியை மெல்லத் திருகினால் ஒரு தடங்கலும் இல்லை. முழு வேகத்தில் வள்ளம் வழக்கம் போலவே பாய்கிறது.

மட்டக்களப்பு வாவிக்குள் மட்டும் ஓடுவதென்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மாரியில் வெள்ளம் வடிவதற்காக முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகு அந்த வாயால் கடலுக்குப் போய்வருபவர்களுக்குத் தெரியும், அலை எழும் கணத்தில் எஞ்சின் கைக்குக் கட்டுப்பட வேண்டும். அங்கே இரண்டு வினாடி அமுங்கினால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அதனால் மழைக்கு முன்பே இதை முடித்துவிட நினைத்தேன்.

கரையில் கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிளக்கை மாற்று என்றார் ஒருவர். எரிபொருள் பம்பு போய்விட்டது என்றார் இன்னொருவர். காபரேற்றரையே தூக்கிப் போடு என்றார் மூன்றாமவர். நான் ஒரே ஒரு விடயத்தைப் பிடித்துக்கொண்டேன். முழு வேகத்தில்தான் எஞ்சின் அதிகமாகப் பெற்றோல் குடிக்கிறது. அந்த வேகத்தில் குறை இல்லையென்றால் பெற்றோல் தாங்கி, குழாய், வடிகட்டி, பம்பு ஆகியவற்றின் மீது சந்தேகம் குறைய வேண்டும்.

ஆனாலும் சோதிக்காமல் விடவில்லை. தாங்கி மூடியின் காற்றுத் திருகாணியைத் திறந்து வைத்தேன். வடிகட்டிக் கிண்ணத்தில் தண்ணீர் இல்லை. பிறகு மருமகனை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்துப் பக்கம், வலைகள் இல்லாத ஆழப் பகுதிக்குப் போனேன். இந்தச் சோதனையைப் பீப்பாய்த் தண்ணீரில் வைத்துச் செய்வதில் பயனில்லை. வள்ளத்தைத் தள்ளும் சுமை இருந்தால்தான் இந்தக் கோளாறு சரியாக முகம் காட்டும். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு என் மணிக்கட்டில். உயிர்காப்பு அங்கி இருவருக்கும்.

நான் பிடியைத் திருகும்போது எரிபொருள் குழாயின் நடுவிலுள்ள இறப்பர் உருண்டையை அவன் பிசைந்தான். "மாமா, உருண்டை இறுகித்தான் இருக்கிறது," என்றான். எஞ்சின் முன்போலவே அமுங்கியது. பிசைந்ததும் தெளிந்திருந்தால் பெற்றோல் காபரேற்றர் வரை வந்து சேரவில்லை என்று பொருள். அடுத்த முறை, பிடியைத் திருகும்போதே, காற்றைக் குறைத்துக் கலவையில் பெற்றோலைக் கூட்டும் சோக்கைப் பாதியளவு இழுத்தேன். அமுக்கம் பெரும்பாலும் மறைந்தது! பெற்றோல் வாசல்வரை வந்துவிட்டது, உள்ளே போகும் கலவையில்தான் பெற்றோல் போதவில்லை என்று அந்த ஒரு இழுப்பு சொல்லிவிட்டது. பணம் செலவில்லாத சோதனை இது. எதையும் வாங்குவதற்கு முன் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

கரைக்கு வந்து அழுத்தமானி வைத்துப் பார்த்தேன். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய சமம். பிளக் இரண்டின் முனையும் வெளிர் பழுப்பு நிறம், அதாவது அவற்றில் குறையில்லை. இந்த எஞ்சினுக்கு என்.ஜி.கே. பி7எச்எஸ்-10, கடைசியிலுள்ள 10, முனை இடைவெளி 1.0 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கிறது. துடைத்து, இடைவெளி பார்த்து, அவற்றையே திரும்பப் போட்டேன்.

இனிக் காபரேற்றர். கழற்றும் முன் கலவைத் திருகாணியை மென்மையாக உள்ளே முட்டும்வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன்: ஒன்றரை. மிதவைக் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் வெள்ளைப் பொருக்கு, சுவரில் மஞ்சள் பிசின். பெற்றோல் காற்றில் வற்றிப்போய் விட்டுச் செல்லும் பிசின் அது. பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள மெதுவோட்ட ஜெற்றை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவுகூட வெளிச்சம் தெரியவில்லை.

அதைவிட முக்கியமானவை, பிடியைத் திருகும்போது திறக்கும் காற்று மடலின் விளிம்பை ஒட்டி வரிசையாக இருக்கும் பொடித் துளைகள். மடல் மூடியிருக்கும்போது மெதுவோட்டத் துளை பெற்றோல் தருகிறது. நன்றாகத் திறந்ததும் பெரிய ஜெற் பொறுப்பேற்கிறது. இடைப்பட்ட நேரத்தில் கைகொடுப்பவை இந்தத் துளைகள்தான். பிடியைச் சட்டென்று திருகினால் காற்று முந்திக்கொள்ளும், பாரமான பெற்றோல் பிந்தும். கார்களின் காபரேற்றர்களில் அந்த இடைவெளியை நிரப்பத் தனிப் பம்பு இருக்கும். இந்தச் சிறிய எஞ்சினில் அது இல்லை. துளைகள் அடைபட்டால் வேறு துணையும் இல்லை.

கண்ணாடி அணிந்துகொண்டு, கலவைத் திருகாணியின் வாயால் துப்புரவுத் திரவத்தைப் பீச்சினேன். மூன்று துளையில் ஒன்றிலிருந்து மட்டும் நூல் போலச் சீறியது. ஊறவைத்து, மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையை நுழைத்து, மறுபடி பீச்சி, டயர் கடைக் காற்றால் ஊதி, மூன்றிலும் சமமாகச் சீறும்வரை விடவில்லை. உருக்குக் கம்பியோ துளைபோடும் ஊசியோ வேண்டவே வேண்டாம். பித்தளைத் துளை ஒரு மயிரிழை விரிந்தாலும் கலவையின் கணக்கு மாறிவிடும்.

புதிய கிண்ண அடைப்புப் போட்டுப் பூட்டி ஓடியபோது பெரிய மாற்றம் தெரிந்தது. ஆனால் முழுவதும் தீரவில்லை. ஒரு சிறு தயக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

காத்தான்குடியில் எஞ்சின் திருத்தும் நானா (அண்ணன்) ஒருவரிடம் இதைச் சொன்னேன். மூடியைக் கழற்றி, எஞ்சினை ஓடவிடாமல், பிடியை மட்டும் மெதுவாகத் திருகச் சொன்னார். "தம்பி, காற்று மடலைப் பார்க்காதீர்கள், சக்கரத்தின் கீழே இருக்கும் மக்னீற்றோத் தட்டைப் பாருங்கள்," என்றார். பார்த்தேன். மடல் திறந்துவிட்ட பிறகே தட்டு அசைந்தது. இரண்டையும் இணைக்கும் தண்டின் நைலோன் மூட்டு தேய்ந்து ஆடியது. வேகம் ஏற ஏறத் தீப்பொறி முன்னதாக விழ வேண்டும். அந்தத் தட்டு நகர்ந்தால்தான் அது நடக்கும். காற்று உள்ளே பாய்ந்த பிறகும் பொறி பிந்தியே விழுந்துகொண்டிருந்தது. மூட்டின் விலை சொற்பம். மாற்றி, இரண்டும் ஒன்றாக எழும்படி தண்டின் நீளத்தைச் சரிசெய்தோம்.

கலவைத் திருகாணியைக் கடைசியாகத்தான் தொட்டேன். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், வாவியில், கியரில் வைத்து, அரைக்கால் சுற்றாக வெளியே எடுத்தேன். இரண்டாவது அரைக்காலில் பிடியைச் சட்டென்று திருகியதும் வள்ளத்தின் மூக்கு தடையின்றி எழுந்தது. அதற்கு மேல் எடுத்தால் மெதுவோட்டம் கரகரக்கிறது. ஆகவே இப்போதைய நிலை ஒன்றேமுக்கால் சுற்று. மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒயில் கலவை 50:1, அதாவது 10 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர், வள்ள எஞ்சின்களுக்கான டீசி-டபிள்யூ3 வகை. மோட்டார் சைக்கிள் ஒயில் இதற்கு ஆகாது. சில கிழமைகள் ஓட்டாமல் வைப்பதென்றால் கிண்ணத்தின் வடிகால் திருகாணியைத் திறந்து பெற்றோலை இறக்கிவிடுகிறேன். குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை ஓடவிடுவதே இங்கே பலரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒயில் பெற்றோலோடுதான் சிலிண்டருக்குப் போகிறது, கடைசிச் சுற்றுகளில் இரண்டுமே குறைந்துவிடும்.