கதவில் ஒரு பெயர், ஆர்.சி.யில் ஒரு பெயர்

சரக்கு லாரி மோதி ஒருவர் இறந்துவிட்டாலோ, கை கால் போய்விட்டாலோ, வீட்டார் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி வண்டி?" என்றுதான். பதில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. கேபின் நெற்றியில் ஒரு டிரான்ஸ்போர்ட் பெயர், தார்ப்பாயில் வேறொரு பெயர், உள்ளே இருக்கும் லோடு ஒரு சிமெண்ட் ஆலையுடையது, டிரைவர் "முதலாளி" என்று சொல்வது நான்காவது ஆளை. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டால், பல மாதம் கழித்து நோட்டீஸ் "அப்படி ஒருவர் இல்லை" என்று திரும்பி வரும். அதற்குள் வண்டி கைமாறி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

சட்டம் எந்தப் பெயரைத் தேடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(30)-ன்படி யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். கடனில் ஓடும் வண்டியென்றால், அந்தக் கடன் ஒப்பந்தத்தின் கீழ் வண்டியை வைத்திருப்பவர் உரிமையாளர். கடன் கொடுத்த நிறுவனம் அல்ல. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், ஒரு வங்கியின் பெயரைப் பார்த்ததும் "பெரிய இடம், பணம் கிடைக்கும்" என்று வங்கியை முதல் எதிர்மனுதாரராகப் போடுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாத வேலை. ஹெச்.டி.எஃப்.சி. வங்கி எதிர் ரேஷ்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது.

வண்டி இன்னும் சம்பவ இடத்திலோ காவல் நிலைய வாசலிலோ நிற்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு. பக்கவாட்டை ஏன் சொல்கிறேன் என்றால், பிரிவு 84(ஜி) பர்மிட்டுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: வண்டியை இயக்குபவரின் பெயரும் முகவரியும் பாடியின் இரு பக்கமும், ஜன்னல் கோட்டுக்குக் கீழே, வண்டி நிறத்துக்கு எடுப்பாகத் தெரியும் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பலர் இதைச் சின்ன எழுத்தில், கேபின் கதவுக்குக் கீழே, சேறு படிகிற இடத்தில் எழுதி வைத்திருப்பார்கள். துடைத்துவிட்டுக் கிட்டத்தில் போய் எடுங்கள். நெற்றியில் பளபளக்கும் ஸ்டிக்கரைவிட இந்தச் சின்ன எழுத்துக்கு மதிப்பு அதிகம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிகளுக்குப் பர்மிட் தேவையில்லை. அதனால்தான் வீடு வீடாகப் பார்சல் கொண்டுவரும் சின்ன வேன்களில் பெரும்பாலும் எந்தப் பெயரும் இருப்பதில்லை.

நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும்போது உயர் பாதுகாப்பு பிளேட் என்றால் இடது கீழ்மூலையில் லேசரில் பொறித்த எண் இருக்கும். அதுவும் படத்தில் தெளிவாக விழ வேண்டும். முன்பிளேட், பின்பிளேட், கண்ணாடியில் ஒட்டிய பதிவு ஸ்டிக்கர் மூன்றும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். டிரெய்லர் வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஹார்ஸ் எனப்படும் முன்னால் இழுக்கும் எஞ்சின் வண்டி ஒருவருடையதாகவும் பின்னால் வரும் டிரெய்லர் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். டிரெய்லரின் பின்னால் ஹார்ஸின் எண் தெரிய வேண்டும் என்பது விதி. பின்னால் ஒரு எண்ணும் முன்னால் வேறொரு எண்ணும் கண்ணில் பட்டால் இரண்டையும் குறித்துக்கொண்டு இரண்டுக்கும் தனித்தனியாக விவரம் எடுங்கள்.

ரசாயன டேங்கர் என்றால் ஒரு வசதி உண்டு. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளில் ஒட்டியிருக்கும் அவசரத் தகவல் பலகையில் பொருளின் பெயர், அதை அடையாளம் காட்டும் ஐ.நா. எண் இவற்றோடு சரக்கு அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணில் கூப்பிட்டாலே எந்த டிரான்ஸ்போர்ட்டுக்கு லோடு கொடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

வாகன எண் கிடைத்ததும் எல்லோரும் ஓடுவது அரசின் வாகன விவரச் செயலியான எம்பரிவாகனுக்கு. ஓடலாம், ஆனால் உரிமையாளர் பெயரில் பாதியை நட்சத்திரக் குறிகள் மறைத்திருக்கும். அங்கே உருப்படியாகக் கிடைப்பவை எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவு, எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எந்த நிறுவனம், எதுவரை, பைனான்ஸ் யார் என்பவை. முழுப் பெயரும் முகவரியும் வேண்டுமென்றால் பிரிவு 160-ன் கீழ் பதிவு அதிகாரியிடமோ காவல் நிலையத்திடமோ எழுதிக் கேட்கலாம். இழப்பீடு கோரும் உரிமை இருப்பதாகச் சொல்பவருக்கு வண்டி, டிரைவர், இன்சூரன்ஸ் விவரங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வரவேண்டாம். மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நாகாலாந்து பதிவெண் கொண்ட டிரெய்லர்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் நிறைய ஓடுகின்றன. அவற்றின் ஆர்.சி.யில் இருக்கும் முகவரி பெரும்பாலும் அங்கே உள்ள ஏதோ ஒரு தற்காலிக முகவரி. அங்கே நோட்டீஸ் அனுப்பிக் காத்திருப்பது காலவிரயம். வண்டியை உண்மையில் நடத்துபவரின் இருப்பிடத்தை அதனோடு பயணிக்கும் காகிதங்களில்தான் தேட வேண்டும்.

அந்தக் காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வழக்குகள் தெளிவாவதும் குழம்புவதும் இங்கேதான்.

லோடு ஏற்றிய லாரியில் குறைந்தது மூன்று தாள்கள் இருக்கும்: சரக்கின் இன்வாய்ஸ், லாரி ரசீது என்கிற எல்.ஆர்., சரக்கை எடுத்துச்செல்ல ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் இ-வே பில். இன்வாய்ஸ் சொல்வது சரக்கு யாருடையது என்று மட்டும். எல்.ஆர். சொல்வது சரக்கைக் கொண்டுசேர்ப்பதாக ஏற்றுக்கொண்டது யார் என்று. அதில் லாரி எண்ணும் பெரும்பாலும் டிரைவர் பெயரும் இருக்கும். "உரிமையாளர் பொறுப்பில்" என்று எல்.ஆர்.-ல் அச்சடித்திருப்பதைக் காட்டி "எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த வாசகம் சரக்கைப் பற்றியது. சாலையில் அடிபட்டவரை அது கட்டுப்படுத்தாது. இ-வே பில்லில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் சரக்கு விவரம், இரண்டாவதில் வண்டி எண். வழியில் சரக்கு வேறு வண்டிக்கு மாறினால் இரண்டாம் பகுதியைத் திருத்துவார்கள். விபத்து நேரத்தில் அதில் இருந்தது எந்த எண் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. மாநிலங்களுக்கிடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இது கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் என்றால் வரம்பு 1 லட்சம். ஆகவே உள்ளூர் நடைகளில் இ-வே பில் இல்லாமலும் போகலாம்.

எல்.ஆர்.-ன் தலைப்பில் அச்சடித்த பெயரைவிட அதன் கீழே இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். பதினைந்து இலக்கம். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாடு 33. அடுத்த பத்தும் பான் எண். முழு எண்ணின் ஆறாவது எழுத்து, அதாவது பான் எண்ணின் நான்காவது எழுத்து, அந்த நிறுவனத்தின் ஜாதகத்தையே சொல்லிவிடும். 'பி' என்றால் தனிநபர்: எவ்வளவு கம்பீரமான டிரான்ஸ்போர்ட் பெயராக இருந்தாலும் பின்னால் இருப்பது ஒரே ஆள். 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், பங்குதாரர்களைத் தேட வேண்டும். 'சி' என்றால் பதிவுபெற்ற கம்பெனி. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணைப் போட்டால் வணிகப் பெயரும் சட்டப்பூர்வப் பெயரும் தனித்தனியாக வரும். மனுவில் எழுத வேண்டியது சட்டப்பூர்வப் பெயர். கம்பெனி என்றால் நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் பதிவு அலுவலக முகவரியையும் எடுத்துவிடலாம். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் "இன்னார் டிரான்ஸ்போர்ட், உரிமையாளர்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதால்தான் தீர்ப்பு வந்த பிறகும் பணம் வசூலிக்க முடியாமல் நிற்கிறார்கள்.

எல்.ஆர். ஒரு நிறுவனத்தின் பெயரிலும் வண்டி இன்னொருவர் பெயரிலும் இருந்தால் நடுவில் ஒரு புக்கிங் ஆபீஸ் இருக்கும். டிரான்ஸ்போர்ட்காரர்கள் தங்கள் சொந்த வண்டி போதாதபோது புரோக்கர் மூலம் மார்க்கெட் வண்டி பிடிப்பார்கள். அப்போது போடுவது வாடகைச் சலான். அதில் வண்டி முதலாளி பெயர், பேசிய வாடகை, கொடுத்த அட்வான்ஸ், பாக்கி, யார் கணக்கில் போட்டது எல்லாம் இருக்கும். கூடவே இன்னொரு தாளும் இருக்கும்: பத்து அல்லது அதற்குக் குறைவான வண்டி வைத்திருப்பவர், பான் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் வாடகையில் வருமான வரி பிடிக்கமாட்டார்கள். அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள். ஆர்.சி. மாமனார் பெயரிலும் உறுதிமொழி மருமகன் பெயரிலும் இருந்தால், வண்டி ஓட்டும் தொழிலை நடத்துவது யார் என்பதற்கு அதுவே சாட்சி. இந்தத் தாள்களை யாரும் தாமாகக் கொண்டுவந்து கொடுக்கமாட்டார்கள். அவற்றையும் ஜி.பி.எஸ். பதிவு, டிரிப் ஷீட், ஃபாஸ்டேக் கணக்கு ஆகியவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி ஒப்புகையுடன் தபாலில் ஒரு கடிதம் உடனே அனுப்பிவிடுங்கள். பிறகு இழப்பீட்டு வழக்கு நடக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு வரவழைக்கலாம். கேமரா பதிவுகள் சில நாளிலேயே மேலெழுதப்பட்டுவிடும் என்பதால் சுங்கச்சாவடிக்கும் பெட்ரோல் பங்குக்கும் கடிதம் அதே வாரத்தில் போக வேண்டும்.

போலீஸ் தரப்பில், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். உரிமையாளர் தன் படிவத்தை 30 நாளில் கொடுக்க வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள். உரிமையாளர் படிவத்தின் நகலைக் கட்டாயம் வாங்குங்கள். ஓட்டியவர் தன்னிடம் வேலை செய்பவரா என்பதை உரிமையாளர் தன் கைப்படச் சொல்லும் முதல் தாள் அதுதான்.

மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் சேசிஸ் எண் இருக்கும். லாரிகளில் அது 17 இலக்கமாக வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆரம்பம் எம்.ஏ.டி. என்றால் டாடா, எம்.பி.1 என்றால் அசோக் லேலண்ட். ஆர்.சி.யில் லேலண்ட் வண்டி, பொறித்திருப்பது டாடா எண் என்றால் பிளேட் பொய். கடைசி ஐந்து இலக்கம் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் பதினேழையும் ஒப்பிடுங்கள்.

பலர் கவனிக்காத ஆவணம் ஒன்று உண்டு: வண்டியை மீட்கக் குற்றவியல் நீதிமன்றத்தில் போடும் மனு. வாடகையை இழந்துகொண்டு நிற்கும் வண்டியை மீட்க ஓடி வருபவர்தான் நிஜ முதலாளி. முன்பு 451, 457 என்று சொன்ன பிரிவுகள் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497, 503. மனுதாரர் ஆர்.சி. உரிமையாளரா, "அவரிடமிருந்து வாங்கிவிட்டேன், பெயர் மாற்றவில்லை" என்று சொல்பவரா என்று பார்த்துச் சான்றிட்ட நகல் எடுங்கள்.

"வித்துவிட்டேன்" என்ற பதில் அடிக்கடி வரும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐக் கையெழுத்து மட்டும் போட்டு வெறுமையாக வைத்துக்கொண்டு நான்கு கை மாறிய வண்டிகள் உண்டு. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை அவரே உரிமையாளர், அடிபட்டவர் ஒவ்வொரு கைமாற்றமாகத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனாலும் வாங்கியவரையும் சேர்த்துவிடுவது நல்லது. மறுபக்கம், வண்டியை டிரைவரோடு வாடகைக்கு எடுத்துத் தன் கட்டளையில் ஓட்டிய நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் எதிர் கைலாஷ்நாத் கோத்தாரி வழக்கு, 1997, இதற்கு வழிகாட்டி. எந்த நேரத்தில், எந்த வழியில், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று டிரைவருக்குக் கட்டளையிட்டது யார் என்பதற்கு வாட்ஸ்அப் செய்திகளும் டிரிப் ஷீட்டும்தான் ஆதாரம். சரக்கு தன்னுடையது என்பதற்காக மட்டும் சிமெண்ட் ஆலையை இழுத்துவிடுவது வழக்கை நீட்டிக்கத்தான் உதவும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் தேதியோடு நேரத்தையும் பாருங்கள். விபத்து காலை 6 மணிக்கு, பாலிசி தொடக்கம் அன்றே பகல் 12 மணிக்கு என்றால் அந்த நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகிவிடும். முந்தைய பாலிசியைத் தேட வேண்டும். பாலிசியில் உள்ள பெயர் ஆர்.சி.யில் இல்லாத பெயர் என்றால், விற்பனை நடந்திருக்கலாம். பர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி என்று நிறுவனம் சொன்னாலும் மனம் தளர வேண்டாம்: முதலில் நிறுவனம் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுகின்றன. அப்படி வசூலிக்கவும் சரியான உரிமையாளர் மனுவில் இருக்க வேண்டும்.

அரசுப் பேருந்து என்றால் வேலை குறைவு. பக்கவாட்டில் எழுதியிருக்கும் கழகத்தின் பெயரைக் குறித்து, அதன் மேலாண்மை இயக்குநரை எதிர்மனுதாரராக்கினால் போதும். பல கழக வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் இருக்காது, சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கழகமே நேரடியாகக் கொடுக்க வேண்டும்.

மனுவை நீங்கள் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். கம்பெனி வடக்கே எங்கிருந்தாலும் கவலையில்லை. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். எல்லாக் காகிதமும் கைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆர்.சி. உரிமையாளர், டிரைவர், இன்சூரன்ஸ் நிறுவனம் மூவரையும் வைத்துத் தாக்கல் செய்துவிட்டு, சலானோ மீட்பு மனுவோ வேறொருவரைக் காட்டும்போது அவரைச் சேர்க்கத் தனி மனு போட்டுக்கொள்ளலாம். அந்த மனுவோடு எந்தத் தாளில் அவர் பெயர் வருகிறதோ அதை இணைக்க வேண்டும்.