அப்பாவுக்கு ஜெயில், பையனுக்கு வேலை

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் 'லிட்டில் டாரிட்' நாவலை ரெண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி சிறைக்குள்ளேயே பிறந்து வளர்கிறாள் என்பதை முதல் தடவை வெறும் கற்பனை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். கற்பனையே இல்லை! லண்டன் மார்ஷல்சி சிறையில் பெரும்பாலும் கடன் கட்டாதவர்களைத்தான் அடைத்தார்கள், பெண்டாட்டி பிள்ளைகளும் கூடவே குடியிருக்கலாம், பகலில் வெளியே போய்விட்டு ராத்திரி கேட் பூட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், கடனாளி மட்டும் வாசலைத் தாண்ட முடியாது. (அடைத்து வைத்துவிட்டுக் கடனைக் கட்டு என்றால் எதை வைத்துக் கட்டுவான்?)

1824இல் டிக்கன்ஸின் அப்பாவே ரொட்டிக்கடைக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு சொச்சத்துக்காக உள்ளே போனார். அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். 12 வயசு சார்லஸ் மட்டும் வெளியே தங்கி, ஷூ பாலிஷ் கம்பெனியில் ஜாடிகளின் வாயைத் தாளால் மூடி, நூல் கட்டி, லேபிள் ஒட்டினான். ஆரம்பத்தில் வாரம் 6 ஷில்லிங். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு போய் அப்பாவைப் பார்ப்பான். பெரிய எழுத்தாளர் ஆன பிறகும் தன் பிள்ளைகளிடம்கூட இதை அவர் சொல்லவில்லை.

சிறையை 1842இல் மூடிவிட்டார்கள். செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் அதன் நீளச் சுவர் ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது.