ஆர் ஆர் எச்: மூன்று மாதச் சிக்கல் அவிழ்ந்தது, ஒரு சொல்லைத் தவிர

நேற்று ராத்திரி ஆங்கில ஸ்பெல்லிங் டிக்டேஷனில் 25க்கு 24. ஹெமரேஜ் (ரத்தப்போக்கு), டயரியா (வயிற்றுப்போக்கு), அரித்மியா (சீரற்ற இதயத்துடிப்பு), கட்டார் (சளி) நான்கும் ஒரே மூச்சில் சரியாக வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஆர் ஆர் எச் (rrh) சேர்ந்து வரும்; மூன்று மாதமாக என்னைப் படுத்தியெடுத்த கூட்டம் இது.

நீளமான சொல் எனக்கு எப்போதுமே பெரிய கஷ்டம் இல்லை. நியூமோனோவில் தொடங்கி கோனியோசிஸில் முடியும், நுரையீரல் நோய் ஒன்றின் பெயரான அந்த 45 எழுத்துச் சொல்லை ஆறு துண்டாக வெட்டிக்கொண்டால், தலையில் ஒலிக்காமல் நிற்கும் பி ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். ஆனால் டயரியாவில் எத்தனை ஆர், எச் எங்கே என்று காது சொல்லாது. நூறு தடவை எழுதிப் பார்த்தும் மறுநாள் பழைய தப்புதான்.

வழி காட்டியது புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய மருத்துவ அகராதி. அட்டை போய்விட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கிரேக்க வேர் கொடுத்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் ஆர் ஒலியில் தொடங்கும் சொல்லுக்குக் கூடவே எச் உண்டு. ரிதம் அப்படித்தான். அதன் முன்னால் உயிரொலியில் முடியும் சொல் வந்து சேர்ந்தால் ஆர் இரட்டிக்கும். படித்ததும் பளிச்சென்று பிடிபட்டது: நம் ஒற்று மிகுதல்! கத்திரியும் காயும் சேர்ந்தால் கத்திரிக்காய். அங்கே க், இங்கே ஆர். அன்றிலிருந்து மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, சொல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன். ரைனோரியாவை (மூக்கு ஒழுகல்) அப்படித்தான் பிடித்தேன்: தொடக்கத்தில் ஒரு ஆர், ஒட்டில் இரண்டு.

சரி, அந்த ஒரு தப்பு? ஓட்டோரைனோலாரிங்காலஜி. காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தின் முழுப்பெயர். விதிப்படி ஓட்டோவும் ரைனோவும் ஒட்டும் இடத்தில் இரண்டு ஆர் போட்டேன். "அப்பா, இந்த இடத்துல ஒரு ஆர்தான்" என்றாள் மகள். நம்பவில்லை. காலையில் ரெட்டியார்பாளையம் போகும் வழியில் ஒரு கிளினிக் போர்டு முன் வண்டியை நிறுத்தி எழுத்தெழுத்தாக எண்ணினேன். 19தான். காதைக் குறிக்கும் அதே ஓட்டோ, ஓட்டோரியாவில் (காது ஒழுகல்) சேரும்போது ஆர் இரட்டிக்கிறது, இங்கே இரட்டிக்கவில்லை! ஊறுகாயில் க் மிகாததற்கு வினைத்தொகை என்று இலக்கணம் காரணம் சொல்கிறது. இதற்கு என் அகராதியில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. இது எனக்குப் பெரிய குறை.

அகராதி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பிரிட்டிஷா அமெரிக்கனா என்று முதலில் பாருங்கள். ஹெமரேஜில் எச்சுக்கு அடுத்து ஏ இருந்தால் பிரிட்டிஷ். இரண்டையும் கலந்து படித்ததில் எனக்கு ஒரு வாரம் வீண்.

அடுத்து பிரெஞ்சு வரவுகள். 1985இல் அமெரிக்காவின் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில் பாலு நடராஜன் ஜெயித்த சொல் மில்யூ. ஐ ஈ யூ என்று முடியும். 2025இன் கடைசிச் சொல் எக்லேர்ஸிஸ்மோனும் பிரெஞ்சுதான். தெருப்பலகையில் 'ரூ' (பிரெஞ்சில் தெரு) பார்த்தே வளர்ந்த புதுச்சேரிக்காரனுக்கு இது கை வராமல் போகக்கூடாது. நோட்டில் 40 சொல் சேர்த்துவிட்டேன். ஆனால் இன்று ராத்திரிப் பட்டியலில் முதல் இரண்டு இடம் ஓட்டோரியாவுக்கும் ஓட்டோரைனோலாரிங்காலஜிக்கும்தான். அடுத்தடுத்து வாசிக்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.