ஜவளா தெரிந்தவர்களுக்கு கிரில்

மும்பைத் தமிழர் வீடுகளில் ஜவளாவுக்கு அறிமுகம் தேவையில்லை. ஊர்ப்பக்கம் சென்னாக்கூனி என்போமே, அதேதான். மருந்துக்கடையில் விற்கும் கிரில் எண்ணெய் மாத்திரையையும் இதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது தவறு. ஜவளா கரையோரக் கூனி இறால். சில மாதங்களிலேயே முட்டையிடும். அண்டார்க்டிக் கடலில் வாழும் கிரிலும் பார்க்க இறால் போலத்தான் இருக்கும், ஆனால் வேறு குடும்பம். 6 செ.மீ. வரை வளரும், முட்டையிடும் பருவம் வர 2, 3 ஆண்டுகள் ஆகும். குஞ்சுகள் குளிர்காலத்தில் கடற்பனியின் அடிப்பக்கத்துப் பாசியைச் சுரண்டித் தின்றுதான் பிழைக்கின்றன. பனி குறைந்தால் அந்த ஆண்டுக் குஞ்சுகள் குறையும். வலையில் அது தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

கிரில் செத்தவுடன் அதன் வயிற்று நொதிகளே உடலைக் கரைக்கத் தொடங்கிவிடும். ஓட்டிலுள்ள ஃபுளோரைடும் சதைக்குள் இறங்கும். அதனால் சில மணி நேரத்துக்குள் கப்பலிலேயே பதப்படுத்தியாக வேண்டும். பெரிய கப்பல்கள் வலையைக் கடலிலேயே விட்டு, குழாய் வழியே இடைவிடாமல் உறிஞ்சுகின்றன. ஆலை ஓய்வின்றி ஓட அடர்த்தியான கூட்டம் வேண்டும். திமிங்கிலம் தேடி வருவதும் அதே கூட்டத்தைத்தான். 2021, 2022இல் இளம் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இந்த வலைகளில் சிக்கி இறந்தன.

மீன்பிடி நடக்கும் தென் அட்லாண்டிக் பகுதியில் 2019 ஆய்வு மதிப்பிட்ட கிரில் சுமார் 6.26 கோடி டன். பிடிப்பின் உச்சவரம்பு 6.2 லட்சம் டன், ஏறக்குறைய 1 சதவீதம். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் எல்லாக் கப்பலும் அண்டார்க்டிக் தீபகற்பத்தின் ஓரத்தில் போய்க் குவிந்தால்? நம் பம்பில் (பாம்பே டக்) மீனுக்கு ஜவளா முக்கிய இரை. ஒரே கழிமுகத்தில் டோல் வலைகளை (நீரோட்டத்தில் கட்டிவைக்கும் பை வலைகள்) நெருக்கிக் கட்டினால், அரபிக்கடல் முழுக்க ஜவளா இருந்தும் அங்குள்ள பம்பிலுக்குப் பசிதான். கிரில் தின்று குஞ்சு வளர்க்கும் பென்குயினாலும் கூட்டை விட்டு வெகுதூரம் போக முடியாது.

தீபகற்பப் பகுதியில் மொத்த வரம்பில் 25 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது என்றிருந்த விதி, இந்த மீன்பிடியை ஒழுங்குபடுத்தும் அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்தின் (CCAMLR) உறுப்பு நாடுகள் ஒத்துப்போகாததால் 2024இல் காலாவதியானது. மறு ஆண்டே ஆகஸ்டுக்குள் மொத்த வரம்பும் நிரம்பி, மீன்பிடியை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ஆணையத்தில் இந்தியாவும் 1986 முதல் உறுப்பினர். அங்கே ஒருமித்த சம்மதம் இல்லாமல் எந்த முடிவும் ஆகாது, ஆகவே டெல்லியின் குரலுக்கு முழு எடை உண்டு.

ஒமேகா-3க்காக வாங்குபவர்கள் பாசி எண்ணெய் மாத்திரையைக் கேளுங்கள். ஒமேகா-3 வகைகளான இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் பாருங்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் கிரில் எண்ணெயைத் தொடவே வேண்டாம்.