படலம் சரியாகத்தான் இருந்தது, கம்பிதான் காலை வாரியது

விரல் மடங்குவதை, இழுபடும்போது மாறும் மின்தடையைக் கொண்டு அளக்கும் நீளும் சென்சார் ஒன்றை ஒருவழியாகச் செய்து முடித்துவிட்டேன். இதில் இறங்கப்போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: பெடாட்-பிஎஸ்எஸ் (மின்சாரம் கடத்தும் பாலிமர் திரவம், இதைக் காயவைத்தால்தான் படலம்) புட்டி கைக்கு வந்ததும் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டுப் பாருங்கள். கருநீலத் திரவம் ஒரே சீராகப் படர வேண்டும். எனக்கு வந்தது திட்டுத் திட்டாக நின்றது. வழியில் உறைந்துபோன சரக்கு. இந்தத் திரவத்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், ஆனால் உறையவிடக் கூடாது. உறைந்தால் நீரில் மிதக்கும் பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு உருக்கினாலும் பிரியாது. விற்றவர்களிடம் முறையிட்டால், "நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்துங்கள்" என்று பதில். குலுக்கியதில் நுரைதான் வந்தது. காலாவதித் தேதி தாண்டவில்லையே என்பதையே திரும்பத் திரும்பச் சொன்ன அலுவலர், படங்களை அனுப்பிய பிறகுதான் இறங்கிவந்தார். பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். பனிப்பை புட்டியை ஒட்டிக் கிடந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

மாற்றுப் புட்டி வந்தபின் படலம் வார்ப்பது பெரிய வேலையாக இல்லை. மின்கடத்துதிறனுக்கு 5 சதவீதம் டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பான், நெகிழ்வுக்குக் கொஞ்சம் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு வகைப் பொருள். இரண்டாவதை விட்டால் சில சதவீத நீட்சியிலேயே படலம் வெடிக்கும். அடித்தளமான சிலிகான் ரப்பர் பரப்பில் இந்தத் திரவம் தாமரை இலைத் தண்ணீர்தான். ஆக்சிஜன் பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) காட்டிய கையோடு பூசிவிட வேண்டும். நாளை பூசலாம் என்று வைத்தால் பரப்பு பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். கையுறை விஷயத்தை ஏனோ யாரும் சொல்வதில்லை: லேட்டக்ஸிலுள்ள கந்தகம் சிலிகானை இறுகவைக்கும் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும், தொட்ட இடமெல்லாம் பிசுபிசுப்பாகவே நிற்கும். கந்தகம் சேராத நைட்ரைல் கையுறைதான் பாதுகாப்பு.

உண்மையான தொல்லை அதன்பிறகு. "வெள்ளிப் பசையால் கம்பியை ஒட்டவும்" என்று செய்முறைக் குறிப்புகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. காய்ந்த பசையோ கெட்டி, அடியிலிருக்கும் படலமோ நீளக்கூடியது. இழுக்கும்போது இழுவிசை பசையின் ஓரத்தில் போய்க் குவிந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடுகிறது. மல்டிமீட்டர் எண்கள் தாறுமாறாகத் தாவுகின்றன, பழி பாலிமர் மீது விழுகிறது. மின்தடை ஏறியதைப் பார்த்ததுமே "படலம் கிழிந்துவிட்டது, தூக்கிப் போடு" என்று தீர்ப்புச் சொன்ன அனுபவசாலியும் உண்டு. கேட்டிருந்தால் நல்ல படலம் குப்பைக்குப் போயிருக்கும். கன அளவு மாறாமல் 30 சதவீதம் நீளும் கடத்தியில், கடத்துதிறன் அப்படியே இருந்தாலும், நீளம் கூடிக் குறுக்குவெட்டு சுருங்குவதாலேயே மின்தடை 1.69 மடங்காகும். மின்னோட்டத்தை இரண்டு முனைகளில் செலுத்தி, மின்னழுத்தத்தை வேறு இரண்டில் பார்க்கும் நான்கு முனை முறையில் அளந்தபோது அதையொட்டித்தான் எண்கள் வந்தன! இரண்டு முனையில் அளந்தால் படலத்தின் தடையும் இணைப்பின் தடையும் கலந்தே தெரியும். பழுது எங்கே என்று பிடிக்கவே முடியாது.

முனைகளுக்கு அடியில் நீளாத பாலிஇமைடு பிளாஸ்டிக் துண்டை ஒட்டி, இணைப்பு இருக்கும் பகுதியை இழுவையிலிருந்து விலக்கினேன். துண்டின் விளிம்பைக் கடக்கும் இடத்தில் படலத்தை அகலமாக வார்த்தேன், இல்லாவிட்டால் விரிசல் அங்கே இடம் மாறும். கம்பிக்கும் படலத்துக்கும் நடுவில் பசைக்குப் பதில் காலியம்-இண்டியம் திரவ உலோகம் ஒரு பொட்டு, மேலே சிலிகான் மூடி. அலுமினியக் கருவி எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காலியம் ஊடுருவி அதை நொறுங்க வைத்துவிடும். அளவுத்திருத்தத்துக்கு முன் சென்சாரைப் பலமுறை இழுத்துத் தளர்த்துங்கள், முதல் சில இழுப்புகளில் வரும் எண்கள் பிறகு திரும்ப வருவதில்லை.

இப்போது விரலை மடக்கினால் வரைகோடு ஒழுங்காக ஏறி இறங்குகிறது. வியர்வை பட்டால் மட்டும் மெல்ல நகர்கிறது. படலத்திலுள்ள பிஎஸ்எஸ் ஈரத்தை உறிஞ்சும், சிலிகான் மூடி நீராவியைத் தடுக்காது. அதே படலத்தின் இன்னொரு துண்டை நீளாதபடி பக்கத்தில் பொருத்தி, அதில் தெரியும் மாற்றத்தைக் கழித்துக்கொள்கிறேன்.